மாப்பிள்ளை நல்லா தண்ணி கலக்குவார்

1

நேற்று விடியற்காலையில் துறையூர் ராசாத்தி அக்கா எங்கள் லயத்து வாசலில் நின்று, ஒரு லோரிக்காரனின் போத்தலைத் திறந்து மோந்து பார்த்தார். அதற்காகத்தான் வந்திருந்தார். ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை, சொந்தம் கொண்டாட வரவில்லை. விமானத்தில் காதைப் பொத்திக்கொண்டு, தாப்பா மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு, ஒரு போத்தலை மோந்து பார்க்க வந்தார். மோந்து பார்த்துவிட்டு அவர் சொன்ன வார்த்தையை உங்களுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை நேராகச் சொன்னால் விளங்காது. கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும். எங்கள் கேமரன் மலையில் எதற்குமே நேர்ப்பாதை கிடையாது.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் மல்லிகா, துறையூர்க்காரி. கல்யாணம் முடிந்து இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் வீட்டுக்காரர் செல்வம் இந்தத் தேயிலைத் தோட்டத்தின் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற பகுதியில் வேலை செய்கிறார். நான் தோட்டத்து மேட்டில் சுற்றுலா வருகிறவர்களுக்குத் தேநீர் விற்கிற கடையில் நிற்கிறேன். அதே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் அடுத்த வீடு என் வீட்டுக்காரரின் அக்கா பாக்கியம் வீடு. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பாதி வாழ்க்கை கொழுந்து எடுத்தவர், இப்போது நாற்றுப் பண்ணையில் லேசான வேலை. வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகன் முரளி. திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூர் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறான்.

இவ்வளவு பேர்தான். மிச்சமெல்லாம் ஒரு வார்த்தை செய்த கூத்து.

2

நான் புதுமணப்பெண்ணாக இந்த லயத்துக்கு வந்த அன்று, வீடு நிறைய ஆட்கள். நான் சேலைக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தேன். மாமியார் அடுப்படியைக் காட்டி, "புது மருமக கையால தண்ணி கலக்கட்டும், எல்லாரும் குடிப்போம்" என்றார்.

எங்கள் ஊரில் தண்ணி கலக்குகிறவன் யார் என்று உங்களுக்கே தெரியும். சாயங்காலம் ஒரு சோடா போத்தலோடு மறைவாகப் போகிறவன். என் வீட்டுக்காரரை ஓரமாக இழுத்து, "உங்க வீட்டுல பொம்பளைங்களும் குடிப்பாங்களா?" என்று கேட்டேன்.

"குடிக்காம? காலையில தண்ணி இல்லாம யாரு லா வேலைக்குப் போவா?"

குளியலறைக்குள் போய் அழுதேன். எங்கப்பா விசாரிக்காமல் கொடுத்துவிட்டாரே என்று அவரைத் திட்டிக்கொண்டே அழுதேன். வெளியே வந்தால், நான் அழுததைக் குளிர் என்று நினைத்து, அண்ணியே கலக்கி முடித்து எல்லார் கையிலும் கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்க்கிறேன். தேநீர்! டின் பால் ஊற்றி, நுரை கட்டி, தித்திப்பாக, கொதிக்கக் கொதிக்க.

இங்கே தேநீர், காப்பி, மைலோ, எது கலக்கினாலும் அது தண்ணி. வீட்டுக்கு யார் வந்தாலும் "தண்ணி குடிச்சிட்டுப் போங்க". சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் முதல் கேள்வியே "தண்ணி என்னா?" தாகத்துக்குக் குடிக்கிற தண்ணீர் வேண்டுமென்றால் அதைப் பச்சைத் தண்ணி என்று தனியாகக் கேட்க வேண்டும். எனக்கு அது பிடிபட ஒரு வாரம் ஆனது. பிறகு என் வாயிலும் அதுவே வந்துவிட்டது. எப்போது வந்தது என்று கேட்டால் தெரியாது. காது எப்போது மாறிப்போகிறது என்று யாருக்குத்தான் தெரியும்?

3

அண்ணிக்குக் காலில் சக்கரம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, அவருக்கு ஏறின கால். மலைச்சரிவில் கூடையோடு ஏறி இறங்கிப் பழகிய கால், லயத்தில் உட்கார வைத்தால் வலிக்கிறதாம். வருஷத்துக்கு ஒரு தடவை தோட்டத்துப் பொம்பளைகளைச் சேர்த்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார். "ஜாலான் போலாமா புள்ள?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கத்துவார். ஜாலான் என்றால் ஊர் சுற்றுவது. நான் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. எனக்கும் அந்தக் குறுகுறுப்பு உண்டு. கடையில் நின்று நாளெல்லாம் உலகத்து ஆட்களுக்குத் தேநீர் ஊற்றுகிறவளுக்கு, அவர்கள் ஊரில் அது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை இருக்காதா?

எந்த ஊருக்குப் போனாலும் அண்ணி முதலில் கோயிலைத் தேட மாட்டார், கடைவீதியைத் தேட மாட்டார். "முதல்ல தண்ணி" என்பார். நாங்கள் அனுப்புகிற தூள் உலகத்தில் எங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் தூள் அங்கேயெல்லாம் போகிறதா என்பது யாருக்குத் தெரியும். அண்ணிக்கு அது நிச்சயம்.

பினாங்கில் சிரமமே இல்லை. படகிலிருந்து இறங்கி ஒரு கடையில் உட்கார்ந்ததும் கடைக்காரர் இராமநாதபுரத்துத் தமிழில் "தண்ணி என்னாக்கா?" என்றார். அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆத்தறதுல கெட்டிக்காரன், தூள்ல கஞ்சன்" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஹாட்யாயில்தான் வேடிக்கை. தாய்லாந்து எல்லையைத் தாண்டி, துணிக்கடைத் தெருவில் ஒரு கடையில் போய் "தண்ணி" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். இவர் ஒரு கையைத் தலைக்கு மேலும் இன்னொரு கையை இடுப்புக்கும் கொண்டுபோய், தேநீர் ஆற்றுகிற மாதிரி இழுத்துக் காட்டினார். அந்தப் பெண் உள்ளே ஓடிப்போய்த் துணி அளக்கிற டேப்பைக் கொண்டுவந்து அண்ணியின் உயரத்தை அளக்க ஆரம்பித்துவிட்டாள்! கடைசியில் பக்கத்துக் கடையில் ஆரஞ்சு நிறத்தில் ஐஸ் போட்ட ஒன்று கிடைத்தது. "இது தண்ணி இல்ல லா, தீபாவளிக்குச் சாயம் கலக்குன மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்தார். இருந்தாலும் இரண்டு வாங்கிக் குடித்தார்.

மேடானில் ஒரு பெரியவரைப் பார்த்தோம். அந்த இந்தோனேசிய நகரத்தில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற ஒரு பகுதி உண்டு. நெற்றியில் விபூதி, ஆனால் வாயில் தமிழ் இல்லை. எல்லாம் இந்தோனேசிய மொழி. எனக்குத் தமிழில் நாலைந்து வார்த்தைதான் தெரியும் என்று சிரித்துக்கொண்டே விரலை மடக்கினார். "சாமி. சோறு. வா. தண்ணி." அண்ணிக்கு ஒரே சந்தோஷம். "அப்ப தண்ணி குடுங்கய்யா" என்றார். அவர் பெருமையாக உள்ளே போய் ஒரு செம்பு நிறையக் குடிதண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அண்ணி என்னைப் பார்த்து, "என்னா புள்ள, உங்க ஊர்க்காரன் மாதிரியே பேசறாரு" என்றார். எனக்கு அது ரொம்ப நாள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் போனபிறகும் அந்த மனிதரிடம் நான்கு வார்த்தை தங்கியிருக்கிறது, அதில் ஒன்று இது. எங்களிடம் எல்லாம் இருக்கிறது, இது மட்டும் பாத்திரம் மாறிவிட்டது.

கோலாலம்பூரில் படிக்கிற என் மகள் யாழினியிடம் இதைச் சொன்னேன். "அதான் நான் ஆயர்னா தண்ணி, தேன்னா டீன்னு சொல்றேன். ஏம்மா ரெண்டுக்கும் ஒரே வார்த்தையை வச்சுக்கிட்டு சுசா படுறீங்க?" என்றாள். ஆயரும் மலாய், தேயும் மலாய், சிரமம் என்கிற அந்தச் சுசாவும் மலாய். தமிழே இல்லாமல் தமிழ்ப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டாள் என் செல்ல மகள்!

4

முரளிக்குப் பெண் அமையவில்லை. நல்ல பையன், உழைப்பாளி, ஆனால் இந்த மலைக்கு வாழ வர யாருக்கும் மனசில்லை. ஈப்போவில் ஒரு பெண் வீட்டார், "சிங்கப்பூர் மாதிரி எங்கயாவது இருந்தா சொல்லுங்க" என்றார்கள். கோலாலம்பூரில் ஒரு பெண் போனிலேயே, "அங்க மால் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ஒவ்வொன்றும் தட்டிப்போகப் போக அண்ணிக்குச் சிரிப்புக் குறைந்தது. ஒரு வருஷம் ஜாலான் போகலாமா என்று அவர் கூப்பிடவே இல்லை. அப்போதுதான் எனக்குப் பயமே வந்தது.

நான் துறையூருக்குப் போன் செய்து என் அண்ணனிடம் சொன்னேன். அவர் பக்கத்துத் தெரு ராசாத்தி அக்காவின் மகள் சுகந்தியைச் சொன்னார். நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா இல்லை. "அந்த ஆளு குடிச்சே போய்ச் சேர்ந்தவரு. அதுனால அந்தக்கா ஒண்ணே ஒண்ணுதான் பாக்கும், பையன் குடிக்கக் கூடாது" என்றார் அண்ணன். "நம்ம முரளியா? அவன் இருமல் மருந்துகூடக் குடிக்க மாட்டான்" என்றேன் நான்.

அண்ணிக்கு வந்ததே உயிர்! உடனே திருச்சிக்கு டிக்கெட் போட்டோம். முரளிக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணியும் நானும் மட்டும் போனோம்.

துறையூரில் நல்ல வெயில். பைப்பில் தண்ணீர் வராத நாள். காலையில் தெருவில், "தண்ணி லாரி வந்துருச்சு!" என்று ஒரு சத்தம். பொம்பளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அண்ணி கையில் ஒரு டம்ளரோடு அந்த வரிசையில் போய் நின்றுவிட்டார். "தண்ணிக்குன்னே ஒரு லோரியா! என்னா ஊரு லா உங்க ஊரு!" என்று என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். குழாயிலிருந்து வெள்ளையாக வந்ததைப் பார்த்ததும் முகம் சின்னதாகிவிட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

5

என் அண்ணனோடு பெண் பார்க்கப் போனோம். சின்ன வீடு, கழுவிவிட்ட தரை, புதுப் பாய். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஆளுக்கொரு கலர் போத்தல் உடைத்துக் கொடுத்தார்கள். சுகந்தி வந்து கும்பிட்டுவிட்டு உள் கதவோரம் உட்கார்ந்தாள். அண்ணிக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. என் தொடையைக் கிள்ளியதில் தெரிந்தது.

ராசாத்தி அக்கா நேராக விஷயத்துக்கு வந்தார். "வேலை, குடும்பம் எல்லாம் அண்ணன் சொன்னாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். பையனுக்குக் கெட்ட பழக்கம் ஏதும் இல்லையே?"

"அய்யோ, ஒண்ணும் இல்லம்மா!" என்றார் அண்ணி. "சிகரெட்டு தொட மாட்டான். சூது கிடையாது. வேலை விட்டு வந்தா தண்ணி மட்டுந்தான்."

வீட்டிலிருந்தவர்கள் அண்ணியையே பார்த்தார்கள். எல்லாரும் அசந்துபோய்க் கேட்கிறார்கள் என்று நினைத்து அண்ணிக்கு உற்சாகம் கூடிவிட்டது.

"அதுவும் கடைக்குப் போயி குடிக்க மாட்டான் லா. வீட்டுலயே அவனே கலக்கிக்குவான். என் புள்ள தண்ணி கலக்குனா லயமே வாசம் புடிச்சுக்கிட்டு வரும். எனக்கும் ஒரு கிளாஸ் குடுத்துட்டுத்தான் குடிப்பான்."

"நீங்களுமா?" என்றார் ராசாத்தி அக்கா, சன்னமான குரலில்.

"பின்ன? அந்தக் குளிருக்கு முடியுமா? இந்தா, மல்லிகாவே ஒரு நாளைக்கு நாலு கிளாஸ் போடும்!"

என் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பெருமையாகத் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்! துறையூரில் பிறந்து, துறையூரில் வளர்ந்து, அதே துறையூரில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பேச்சில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

"லாரி ஓட்டறப்ப?" என்றார் ராசாத்தி அக்கா.

"அதுக்குத்தான் போத்தல்ல ஊத்திக்கிட்டுப் போவானே. மலைப்பாதை பாருங்க, தூக்கம் வந்துரக் கூடாது. வளைவுக்கு ஒரு வாய் குடிச்சா கண்ணு பளிச்சுன்னு தெரியுமாம்." அண்ணி கலரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு முடித்தார். "பொண்ணு அங்க வந்தா ஒரு கவலையும் வேணாம். குடிநுழைவு வேலை எல்லாம் என் தம்பியே பாத்துக்குவான்."

குடிநுழைவு என்றால் இங்கே இமிகிரேஷன். விசா, பாஸ் என்று நான் வருஷா வருஷம் போய் வரிசையில் நின்ற இடம். அந்த வீட்டில் அந்த நேரத்தில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ராசாத்தி அக்கா எழுந்துவிட்டார். கண்ணில் நீர் கட்டிவிட்டது. "எம்பொண்ணப் பாழுங்கெணத்துல தள்ளுனாலும் தள்ளுவேன். தண்ணி போடற வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். எந்திரிங்க எல்லாரும்."

தண்ணி போடற என்று அவர் சொன்னபோதுதான் என் மண்டையில் சுரீர் என்றது. என்ன செய்திருக்க வேண்டும்? அமைதியாக விளக்கியிருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பீறிட்டு வந்தது. அழுதுகொண்டிருக்கிற ஒரு தாயின் முன்னால் நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அதற்கப்புறம் நான் சொன்னதை யார் நம்புவார்கள்?

"டீயப் போயி யாராச்சும் தண்ணிம்பாங்களா? சமாளிக்காத மல்லிகா" என்றார் என் கூடப்பிறந்த அண்ணனே.

6

சுகந்திதான் எழுந்து வந்தாள். "அவருக்கு வீடியோ கால் போடுங்க. எதுவும் சொல்லிக் குடுக்காதீங்க. தண்ணி கலக்குன்னு மட்டும் சொல்லுங்க. நான் பாக்கறேன்."

முரளி தூக்கக் கலக்கத்தோடு எடுத்தான். ராத்திரி லோரி ஓட்டிவிட்டு வந்து படுத்திருந்தான்.

"டேய், எந்திரி. தண்ணி கலக்கு" என்றார் அண்ணி.

"யாருக்கு? நீதான் ஊருக்குப் போயிட்டியே."

"கலக்குடா!"

"என்னா லா இது, பைத்தியமா?" என்று முனகிக்கொண்டே எழுந்தான். போனைச் சன்னலில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்படி அலமாரியைத் திறந்தான். ராசாத்தி அக்கா கதவைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். அவன் ஒரு கண்ணாடி போத்தலை எடுத்தான். அறையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மூடியைத் திறந்து கரண்டியால் அள்ளினான். தேயிலைத் தூள். கெட்டிலை வைத்தான், டின் பாலைச் சாய்த்தான், இரண்டு குவளைகளுக்கு நடுவில் இழுத்து இழுத்து ஆற்றினான். நுரை பொங்கிய கிளாஸைப் போனுக்கு நேராக நீட்டி, "இந்தா, குடி" என்று சலித்துக்கொண்டான்.

வீடே சிரித்தது. என் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ராசாத்தி அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"போன்ல வாசம் வராதே" என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"எங்க வீட்டுல அவரும் டீக் கிளாஸ்லதான் ஊத்தி வச்சிருப்பாரு. பாத்தா டீதான். பக்கத்துல போயி மோந்தாத்தான் தெரியும். கல்யாணமான புதுசுல நான் டீயின்னே நெனச்சேன்."

சிரித்ததற்காக என்னையே அறைய வேண்டும் போல் இருந்தது. அண்ணி கலர் போத்தலைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றார். "நியாயம்மா" என்றார். "நீங்க வந்து மோந்து பாருங்க. அவன் லோரி விட்டு இறங்கறப்பவே பாருங்க. நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், எங்க அம்மன் மேல சத்தியம். புடிக்கலன்னா திரும்பிப் போங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

7

கிளம்பும்போது சுகந்தி என்னைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, அங்க எப்படி இருக்கும்? உள்ளதச் சொல்லுங்க."

சொன்னேன். துவைத்த துணி காயாது. மழை நிற்காது. பள்ளி விடுமுறை வந்தால் தானா ராத்தா டவுனுக்குப் போகிற சடக்கு, அதுதான் ரோடு, முழுக்கச் சுற்றுலாக் காடிகள் நின்றுவிடும், கடைக்குப் போய் வரப் பாதி நாள் போய்விடும். மலாய் பேசத் தெரியாமல் முதல் வருஷம் ஆஸ்பத்திரியில் கையால் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றேன். உனக்கென்று பேச ஆள் கிடைக்க நாளாகும். முரளி ராத்திரியெல்லாம் வீட்டில் இருக்க மாட்டான்.

"உங்களுக்கு நிம்மதியா இருக்காக்கா?"

"இருக்கு. ஆனா மெதுவாத்தான் வந்துச்சு" என்றேன். அதுதான் உண்மை.

அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். "மேகம் நமக்குக் கீழ இருக்குமாமே, அதப் பாக்கணும்போல இருக்கு" என்றாள். பிறகு, "கலக்கி முடிச்சதும் அவரு குவளையக் கழுவிக் கவுத்து வச்சாரு, கவனிச்சீங்களா?" என்றாள்.

நான் கவனிக்கவில்லை. யாருமே கவனிக்கவில்லை.

8

ராசாத்தி அக்கா உண்மையிலேயே வருவார் என்று நான் நினைக்கவில்லை. சமயபுரத்தைத் தாண்டாதவர். பாஸ்போர்ட் எடுத்து, என் அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தே விட்டார். என் வீட்டுக்காரர் விமான நிலையத்துக்குப் போயிருந்தார். உள்ளே இருந்தவர்களுக்குப் போன் செய்து, "அக்கா, குடிநுழைவத் தாண்டிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "தம்பி, அந்தப் பக்கம் போகாம வர்றதுக்கு வேற வழி இருக்கா?" என்றாராம் இவர்.

மலை ஏறும்போது சடக்கு ஓரத்தில் அருவியைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னாராம். "இம்புட்டுத் தண்ணி கொட்டுது, ஒருத்தரும் கொடம் வைக்கலையே" என்று நின்று நின்று பார்த்தாராம். எங்களுக்கு அந்த அருவி பழகிப்போனது. துறையூர்க் கண்ணோடு நான் அதைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

மாலையில் வந்து சேர்ந்தார். முரளி அதற்குள் லோரி எடுத்துப் போய்விட்டான். அண்ணி சத்தியத்தைக் காப்பாற்றினார். துறையூரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்று மட்டும் மகனிடம் சொல்லியிருந்தார். நான் பழக்க தோஷத்தில், "தண்ணி குடிக்கறீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "டீயின்னு சொல்லு மல்லிகா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நேற்று விடியும் முன்பே ராசாத்தி அக்கா எழுந்து, என் வீட்டுக்காரரின் தடித்த சட்டையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார். எதிர்ச் சரிவில் தேயிலை தெரியவில்லை, பனிமூட்டம்தான் தெரிந்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்றுப் பண்ணையில் ஈர மண்ணை அளைகிற கை, எப்போதும் சூடாகத்தான் இருக்கும். நேற்று சில்லிட்டிருந்தது. "இதுவும் போச்சுன்னா நான் இனிமே யாரையும் கேக்கப் போறதில்ல புள்ள" என்று என் காதோரம் சொன்னார்.

லோரிச் சத்தம் கேட்டது. முரளி இறங்கி வந்தான். வாசலில் முன்பின் தெரியாத அம்மாள் நிற்பதைப் பார்த்துத் தயங்கி, பிறகு யாரென்று புரிந்து, அவசரமாகக் கும்பிட்டான். "வாங்கம்மா. உள்ள போங்க, குளிருது."

ராசாத்தி அக்கா கையை நீட்டினார். "அந்தப் போத்தலக் குடுங்க தம்பி."

தாகம் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். "ஆறிப்போச்சும்மா. இருங்க, சூடா வேற கலக்கித் தரேன்."

"இதையே குடுங்க."

கொடுத்தான். அவர் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். ஒரு தடவை மோந்தார். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை. பிறகு அவன் பக்கத்தில் போய், மேல்சட்டையருகே முகத்தைக் கொண்டுபோனார். டீசலும் வெங்காயத் தாளும் நாறியிருக்கும், வேறென்ன? அவன் ஒன்றும் புரியாமல் விறைத்து நின்றான். அவர் மிச்சமிருந்ததை மூடியில் ஊற்றி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

போத்தலை மூடி அண்ணியிடம் நீட்டினார்.

"மாப்பிள்ளைக்குத் தண்ணியில சீனி ஜாஸ்தி சம்பந்தியம்மா" என்றார். "சுகந்தி வந்தாக் கொறைச்சுக் கலக்கச் சொல்றேன்."